நாலாவது மூடி

மெஷின் நின்ற பிறகும் மாடியில் இருந்த மூடி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மற்ற மூன்றும் ஒழுங்காகத்தான் இருந்தன. கூடத்தில் ஒன்று, சமையலறைக் கதவோரம் ஒன்று, மாடிப்படியின் அடியில் ஒன்று. முழங்கால் உயரத்தில் சுவரோடு சுவராகப் பதித்த, உள்ளங்கை அகல வெள்ளை மூடிகள். மூடியைத் தூக்கி ஹோஸைச் செருகினால் பின்பக்க அறையில் இருக்கும் மெஷின் தானாக ஓடும். உருவினால் நின்றுவிடும், மூடி ஸ்பிரிங் விசையில் வந்து அடைத்துக்கொள்ளும். மாடியில் மகளின் அறைக்கு எதிரே இருந்த நாலாவது மூடி அடைத்துக்கொண்ட பிறகும், விளிம்பில் ஒரு நூலளவு திறந்து, மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடியது. பிற்பகல் வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக அதன் மேல்தான் விழுந்திருந்தது. அதனால்தான் அந்த அசைவு கண்ணில் பட்டது. அவள் ஹோஸைத் தோளில் சுற்றியபடி, புதுக் குழாய்ப் பசையின் வாசனை இன்னும் போகாத அந்த இடத்தில் நின்று, ஒரு விரலை மூடியின் விளிம்பில் வைத்தாள். மெதுவாக உள்ளே இழுத்தது. பிறகு மெதுவாக வெளியே தள்ளியது.

உள்ளே இழுப்பது சரி. வெளியே தள்ள அங்கே எதுவும் இல்லை.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள்.

வீட்டுக்கு சென்ட்ரல் வாக்குவம், அதாவது சுவருக்குள் குழாய் ஓட்டித் தூசியை உறிஞ்சும் மெஷின், போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. சுண்டுவுக்காகப் போட்டது. சுண்டுவுக்கு ஆறு வயது. பிறந்தபோது சுண்டெலி அளவுதான் இருந்தாள் என்று அவள் அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒன்றரை வயதில் வீசிங் ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே அம்மாவின் முழுநேர வேலை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை மட்டும் பார்க்கும் வேலை அதற்கு அடுத்ததுதான். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரு காது அந்த மெல்லிய விசில் சத்தத்தின் பக்கமே இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். இருபத்திரண்டு என்றால் நல்ல நாள். முப்பத்தைந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஒருமுறை நாற்பத்தாறு வரை போனது. அந்தப் பக்கத்தை அவள் திருப்பிப் பார்ப்பதில்லை.

தூசிதான் காரணம் என்றார் டாக்டர். பெருக்கினால் தூசி எழும்பும். சாதாரண மெஷின் முன்னால் உறிஞ்சிப் பின்னால் கக்கும்.

"அந்த மெஷின் எல்லாம் தூசிய ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்கு டூர் கூட்டிட்டுப் போகும் மேடம்," என்றார் குழாய் போட வந்த ஃபிட்டர். "இது வீட்ட விட்டே துரத்திடும்."

பேச்சும் வேலையும் ஒன்றையொன்று தடுக்காத மனிதர். மூன்று நாள் சுவரைக் குடைந்து வெள்ளைக் குழாய்களை உள்ளே விட்டு, பின்பக்க அறையில் ஆளுயர உருளையாக மெஷினை மாட்டி, அதன் அடியில் தூசி சேரும் வாளியைப் பொருத்தி, மிச்சக் காற்று போகும் குழாயைப் பின்சுவர் வழியே வெளியே நீட்டிவிட்டார். போகும்போது இரண்டே விஷயம் சொன்னார். வாளியை மாதம் ஒருமுறை கொட்ட வேண்டும். குழாய்க்குள் ஈரம் போகவே கூடாது. ஈரம் பட்ட தூசி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், அப்புறம் சுவரை உடைத்து வெளியே எடுத்து, கூடவே தன்னையும் நாலு திட்டுத் திட்ட வேண்டிவரும் என்றார்.

முதல் நாள் மெஷின் ஓடியபோது சுண்டு காதைப் பொத்திக்கொண்டு சோபாவின் பின்னால் போய் ஒளிந்தாள். அவள் அப்பா ஹோஸோடு மண்டியிட்டுக் கூப்பிட்டான். "இது வீசிங் திங்கிற மெஷின்டா சுண்டு. பசியோட இருக்கு பாரு. வந்து ஒரு வாய் குடு."

அவள் தயங்கித் தயங்கி வந்து, ஹோஸின் முனைக்கு ஒரு சாண் தள்ளி நின்று வாயைத் திறந்தாள். முன்நெற்றி மயிர் ஹோஸை நோக்கிப் பறந்தது. நீளமாக ஊதினாள். பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் பெருக்கி முடித்ததும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. கூப்பிடாமலே வந்து நின்று வாயைத் திறப்பாள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். காத்துதானே, என்றான் அவன்.

எட்டாவது நாள் விசில் சத்தம் இல்லை. ஒன்பதாவது நாளும் இல்லை. நோட்டில் இருபது என்று எழுதினாள். வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பதுபோல இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்தாவது நாள் கணவன் வேலையிலிருந்து வரத் தாமதமானபோது அம்மாவே ஹோஸைச் செருகினாள். அம்மாவே கூப்பிட்டாள்.

"வாடி, மிச்சம் மீதி இருக்கிறதையும் குடுத்துடு."

அதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். கூப்பிட்டது தன் குரல்தான்.

பதினைந்தாம் நாள் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டி மறுபடி வைத்துக் கேட்டார். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை என்றார். மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அவர்கள் எழுந்து வரும்போது ஸ்டெதஸ்கோப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாடி மூடி அசைவதைப் பார்த்த மறுநாள், அவள் ஒரு காகிதக் கைக்குட்டையை விரல் அகலத்துக்குக் கிழித்து மூடியின் மேல்விளிம்பில் ஒட்டினாள். பரிசோதனைக் கூடத்துப் பழக்கம். எதையும் நம்புவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும். ஹோஸ் எந்த மூடியிலும் இல்லை. மெஷினின் பிளக்கையும் பிடுங்கி வைத்திருந்தாள். காகிதம் விளிம்போடு ஒட்டிக்கொண்டது. பிறகு பிரிந்து நின்றது. ஒட்டியது. பிரிந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

இருபது.

எழுத நோட்டை எடுக்கத்தான் மகளின் அறைக்குப் போனாள். பள்ளிவிட்டு வந்த களைப்பில் சுண்டு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகு ஏறி இறங்கியது. அறை வாசலில் நின்றால் இடக்கண் பக்கம் மகளின் முதுகு, வலக்கண் பக்கம் காகிதத் துண்டு. முதுகு ஏறும்போது காகிதம் ஒட்டியது. இறங்கும்போது பிரிந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். ஐந்து நிமிடம். பிறகு இன்னும் ஐந்து. இரண்டும் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஃபிட்டரைக் கூப்பிட்டாள். மூச்சைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மூடி அடிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

வெளிக்குழாய் வழியாகக் காற்று ஏறி வந்து மூடியைத் தட்டும், மேட்டு வீடுகளில் அது சகஜம் என்றார் அவர். வெளியே ஒரு இலைகூட ஆடவில்லை. அதையும் அவள் சொல்லவில்லை. அவர் வெளிக்குழாயின் முனையில் ரப்பர் மூடியை மாட்டி, கீழே இருந்த மூன்று மூடிகளுக்கும் டேப் ஒட்டிவிட்டு, மாடிப்படியின் அடியிலிருந்து குரல் கொடுத்தார். "மேல இருக்கிறத கையால கொஞ்சம் அழுத்திப் பிடிங்க மேடம். எங்க லீக்குனு இப்பத் தெரிஞ்சிடும்."

அவள் மண்டியிட்டு உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து அழுத்தினாள். எதிரே அறைக்குள் சுண்டு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பச்சைப் பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. உள்ளங்கைக்கு அடியில் ஓர் இழுப்பு. சற்று விட்டு இன்னொன்று, முன்னதைவிடப் பலமாக. மூன்றாவது அவள் கைத்தோலையே குழித்து உள்ளே இழுத்தது.

பென்சில் சத்தம் நின்றது.

சுண்டு தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. உதட்டின் ஓரம் சாம்பல் நிறமாக மாறியது. கழுத்துக் குழி உள்ளே போனது. எழுந்திருக்கவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள்.

அம்மா கையை எடுத்தாள்.

மூடி பட்டென்று திறந்து பெரிதாக ஒருமுறை உள்ளே இழுத்தது. சுண்டுவின் உதட்டில் நிறம் திரும்பியது. அவள் குனிந்து விட்ட இடத்திலிருந்து வரைந்தாள்.

ஃபிட்டர் மேலே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தானே குனிந்து, தன் அகலமான கையை மூடியின் மேல் வைத்து, எதிரே குழந்தையைப் பார்த்தார். இரண்டு நொடி. மூன்று நொடி. சூடு பட்டதுபோலக் கையை எடுத்தார். கீழே இறங்கி ஒவ்வொரு டேப்பாக உரித்தார். வெளிக்குழாய் ரப்பரைக் கழற்றினார். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

"நான் குழாய்தான்மா போட்டேன்," என்றார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர்.

அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுண்டு தூங்கும்போது அம்மா கைக்கண்ணாடியை அவள் மூக்குக்கு அடியில் பிடித்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. ஒரு நிமிடம் பிடித்தாள். கண்ணாடியில் அவள் மகளின் உதடு மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. பிறகு வெளியே வந்து மாடி மூடியைத் தூக்கி அதன் முன்னால் கண்ணாடியைப் பிடித்தாள்.

ஆவி படிந்தது. மறைந்தது. படிந்தது.

கணவனிடம் காட்டினாள். அவன் நம்பவில்லை. பிறகு தானே கண்ணாடியை வாங்கிப் பிடித்துப் பார்த்தான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தான். "நான் சும்மா விளையாட்டுக்குத்தான்..." என்று தொடங்கினான். நானும்தான் என்றாள் அவள்.

காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. மூச்சு வரவில்லை என்று சொல்வோம், பிறகு அவர்கள் பாடு என்றான் அவன். தெருமுனை தாண்டும்வரை சுண்டு பின்சீட்டில் பாட்டுப் பாடுவதுபோல உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் நிறுத்திவிட்டாள். அம்மா திரும்பிப் பார்த்தபோது நகமெல்லாம் நீலமாக இருந்தது. அதற்குள் கண் மேலே செருகத் தொடங்கியிருந்தது. அவன் வண்டியை நடுச்சாலையில் திருப்பினான். யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். வீட்டு கேட்டை நெருங்க நெருங்க நகத்தில் நிறம் ஏறியது. வாசலில் இறங்கியதும் சுண்டு தானாக நடந்து உள்ளே போனாள்.

மறுநாள் டாக்டரைக் கெஞ்சி வீட்டுக்கு வரவழைத்தார்கள். அவர் குழந்தையைப் பார்த்தார், விரலில் கிளிப் மாட்டி அளந்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கண்ணாடியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். நீங்கள் கடைசியாக ஒழுங்காகத் தூங்கியது எப்போது என்று கேட்டார்.

அதன் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

மெஷினை ஓட்டுவதில்லை. பிளக்கின் மேல் டேப் சுற்றி வைத்தார்கள். துடைப்பத்தையும் எடுப்பதில்லை, எழும்பும் தூசி எங்கே போகும் என்று தெரிந்துவிட்டதால். நாலு மூடிகளின் கீழும் தீக்குச்சியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தார்கள். வீட்டில் தூசி படிந்தது. டிவியின் மேல், ஜன்னல் கம்பிகளின் மேல், சாப்பாட்டு மேஜையில் கை வைக்காத பக்கம். கால் வைத்த இடமெல்லாம் தடம். அவர்கள் மெதுவாக நடக்கப் பழகினார்கள். பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டது. நாலு மூடிகளும் இப்போது தீக்குச்சியின் மேல் ஒன்றாகவே அடித்தன. நிமிடத்துக்கு இருபது. அந்தச் சத்தத்துக்கு வீடு பழகிவிட்டது. இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் சுண்டு வாயைத் திறந்து ஏதோ கேட்டாள். சத்தம் வரவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால், சமையலறைச் சுவரில், முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"தண்ணி."

சுண்டு சிரித்தாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மறுபடி உதட்டை அசைத்தாள். "அம்மா, தண்ணி," என்றது சுவர்.

அம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பாதி மேஜையில் சிந்தியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து விசில் சத்தம் திரும்பி வந்தது.

குழந்தையின் நெஞ்சிலிருந்து வரவில்லை. அங்கே காதை வைத்தால் ஒன்றுமே இல்லை, அலமாரிக்குள் காதை வைத்ததுபோல. சுவரிலிருந்து வந்தது. கூடத்துச் சுவரில் மெல்லியதாகத் தொடங்கி, படிக்கட்டோடு ஏறி, மாடியில் கூர்மையாக முடிந்தது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும். குழாய்களுக்குள் இருபது நாள் தூசி இருந்தது. இவள் பார்த்துப் பார்த்து உறிஞ்சி அனுப்பிய தூசி. அதன் நடுவில்தான் மகளின் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு. மறுநாள் முப்பத்து மூன்று.

நெபுலைசரை எடுத்து முகமூடியைச் சுண்டுவின் முகத்தில் மாட்டினாள். மருந்துப் புகை முகமூடிக்குள்ளேயே சுழன்று கன்னத்தில் படிந்து வழிந்தது. ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மருந்து மூச்சுக்குத்தானே போக வேண்டும். மூச்சு எங்கே இருக்கிறதோ அங்கே. முகமூடியைக் கழற்றி மாடி மூடியின் வாயில் வைத்தாள். புகை ஓர் இழுப்பில் உள்ளே போனது. அடுத்த இழுப்பில் இன்னும் ஆழமாக. பத்து நிமிடத்தில் சுவரின் விசில் தணிந்தது. சுண்டு அறையிலிருந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இருபத்து நான்கு.

அவள் அழுதாள். இருபத்து நான்கு என்று நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தாள். நாலு மூடியிலும் மாறி மாறி. கணவன் மருந்துக் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடினான். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை முப்பது ஆனது. மருந்தைக் கூட்டினாள். முப்பத்தாறு. மறுபடி கூட்டினாள்.

நாலாம் நாள் பிற்பகல் கூடத்து மூடி அசையவில்லை. சமையலறையில் காகிதத்தை வைத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. திருப்புளியால் மாடிப்படி அடியிலிருந்த மூடியின் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

குழாயின் உட்சுவர் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. வழவழப்பாக, விரல் தடிமனுக்கு. நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் துளை. விரலை விட்டுத் தொட்டாள். மேல்பாகம் ஈரம். அடிப்பாகம் ஏற்கெனவே கல்லாகியிருந்தது. மருந்து வாசனை அடித்தது.

ஈரம் போகவே கூடாது.

மூன்று நாள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. அவள் கையால்.

கணவன் டேப்பைப் பிய்த்து பிளக்கை மாட்டினான். ஒரே இழு, அத்தனையும் வந்துவிடும், பத்து நொடிதான் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடியில் போய் மகளைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் கத்தியது. சுண்டுவின் முதுகு வில்லாக வளைந்தது. வாய் திறந்து, திறந்தபடியே நின்றது. ஐந்து. ஆறு. அம்மா கத்தினாள். மெஷின் நின்றது. கீழே வாளியில் ஒரு துளி சேறுகூட விழவில்லை. எங்கோ சுவருக்குள் ஒரு வளைவில் எல்லாம் சேர்ந்து இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

நாற்பத்து நான்கு.

கணவன் சுத்தியலோடு பின்பக்க அறைச் சுவரை உடைக்க ஆரம்பித்தான். குழாயில் அடிபடாமல், அதைச் சுற்றி மட்டும். குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது. ஓர் அடி. நிறுத்தம். ஓர் அடி.

மாடி மூடி மட்டும் இன்னும் அசைந்தது. ஒரு நூலளவு. அதிலும் பாதி.

நாற்பத்தெட்டு. நாற்பத்தாறைத் தாண்டி அவள் இதுவரை எண்ணியதில்லை.

பிறகு எண்ண ஒன்றும் இல்லை. மூடி நின்றது.

சுண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு சாம்பல். கண் மட்டும் அம்மாவின் மேல்.

அம்மா தரையில் விழுந்து, மூடியைப் பிய்த்து எறிந்து, குழாயில் வாயை வைத்தாள். உதடு விளிம்போடு பொருந்தியது. சேற்றின் ருசி. மருந்தின் கசப்பு. நெஞ்சில் இருந்ததையெல்லாம் சேர்த்து ஊதினாள். போகவில்லை. மறுபடி ஊதினாள். காது அடைத்தது. ஏதோ ஒன்று உள்ளே வழிவிட்டது. காற்று போனது.

அறைக்குள் சுண்டுவின் நெஞ்சு ஏறியது.

ஊதுவதை நிறுத்தினாள். நெஞ்சு இறங்கியது. உள்ளே போன காற்று குழாய் வழியாகத் திரும்பி அவள் வாய்க்குள் வந்தது. வெதுவெதுப்பாக.

தானாக ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை.

ஊதினாள். ஏறியது.

மூன்று நொடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு இருபது. ஊது. விடு. ஊது. விடு. கீழே சுத்தியல் சத்தம். படிக்கட்டு ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. கன்னம் மரத்துப்போனது. கண்ணுக்குள் புள்ளிகள் பறந்தன. கணவனைக் கூப்பிட வாயை எடுக்க வேண்டும். எடுக்க முடியாது. காலால் தரையைத் தட்டினாள். சுத்தியல் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று.

ஜன்னல் இருண்டது. யாரும் விளக்குப் போடவில்லை.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. சின்னப் பாதங்கள் தரைத் தூசியில் மெத்து மெத்தென்று வந்தன. பக்கத்தில் நின்றன. அவள் கண்ணை மட்டும் திருப்பினாள். இரவுச் சட்டையின் விளிம்பு தெரிந்தது. அதற்கு மேலே முகம், இருட்டில் வெளுப்பாக. சுண்டு குனிந்து அம்மாவின் காதருகே வந்து உதட்டை அசைத்தாள்.

காதில் எதுவும் கேட்கவில்லை. விட்ட மூச்சு குழாய் வழியாக வந்து, அம்மாவின் வாய்க்குள், நாக்கின் மேல், சொல்லாக விழுந்தது.

"அம்மா."

ஊதினாள். விட்டாள்.

"நீ ஊதினா வலிக்குது."

ஊதினாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி உதட்டு விளிம்பில் தேங்கியது. அது உள்ளே போகாமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விட்டாள்.

"உள்ள ரொம்ப வலிக்குதும்மா. போதும்."

சின்ன விரல்கள் அவள் தோளைப் பற்றிப் பின்னால் இழுத்தன. பலமில்லாத இழுப்பு. அவள் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சொல் வந்து நாக்கின் மேல் உட்கார்ந்தது, தூசியும் சூடுமாக.

அதைக் கேட்காமலே திருப்பி உள்ளே ஊதினாள்.